மறுமணம் ஆகவில்லை என்று ஒரு கையெழுத்து

கருவூலத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டு, என் பழைய அலுவலகத்துப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். "கொஞ்சம் உற்சாகமா இருக்கிற மாதிரி எழுதுங்க மேடம், எல்லாம் சின்னப் பிள்ளைங்க" என்றாள். உற்சாகம் வேண்டுமென்றால் அவள் வேறு வீட்டுக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். முப்பத்து மூன்று வருடம் ஓய்வூதியப் பிரிவிலேயே உட்கார்ந்து எழுந்தவளிடம் அதை எதிர்பார்த்தது அவள் தவறு.

வேலை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தப்பை மட்டும் சொல்கிறேன். அது எந்தத் தணிக்கையிலும் அகப்படவில்லை, இனியும் அகப்படாது. அதனால்தான் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

தாம்பரத்தை ஒட்டிய ஓர் அலுவலகம். எது என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறை நேரில் வந்து, உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். நேர்காணல் என்போம். இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்கிறார்கள். அப்போது ஆளே வர வேண்டும். செம்பாக்கம், குன்றத்தூர், படப்பை என்று எங்கிருந்தெல்லாமோ வந்து காலை எட்டு மணிக்கே நாற்காலி பிடித்துவிடுவார்கள். அரசு வேலையிலிருந்த கணவர் இறந்து, அவருக்காகக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண்களுக்குப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கும். 'நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை.' அதன் கீழே கையெழுத்து. மனைவியை இழந்த ஆண்களுக்கும் அதே வரி உண்டு. ஆனால் அவர்களிடம் நாங்கள் வாய்விட்டுக் கேட்டதே கிடையாது. "இங்க ஒரு சைன் போடுங்க சார்" என்று விரலால் காட்டுவோம். பெண்களிடம் மட்டும் நாலு பேர் காதில் விழும்படி கேட்போம். யார் வைத்த வழக்கமோ தெரியாது, நானும் அப்படியே செய்தேன்.

எண்பதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் ஒருமுறை இதைக் கேட்டுத் தொலைத்தேன். "ஏன், மாப்பிள்ளை ஏதாவது பார்த்து வெச்சிருக்கியா? ஜாதகம் எடுத்துட்டு வரட்டா?" என்றார். அலுவலகமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு மூத்த கணக்கர். விதிப் புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். "கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. கேக்காததுக்கு வாயைத் திறக்காதே" என்பார். எப்போதோ ஒருவருக்கு இரக்கப்பட்டு அதிகமாக ஏதோ சொல்லப்போய், அந்த ஆள் 'அலுவலகத்திலேயே சொன்னார்கள்' என்று வழக்கில் எழுதிவிட்டாராம். அதற்கு இவருக்கு மெமோ வந்து, பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது. நல்ல மனிதர். என் பிரசவ விடுப்பில் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தவர். அவர் சொன்னது எனக்கு வேதவாக்கு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, எங்கள் பிரிவில் அது சுற்றறிக்கை மாதிரி.

இனி தேவகி. அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்து, காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டார். அவள் எட்டாவது வரைதான் படித்தவள். கருணை அடிப்படையில் வேலை கேட்டுப் போட்ட மனு ஏதோ ஒரு வரிசையில் கிடந்தது. செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு. ப்ளவுஸ் தைப்பாள். வாடகையும் மகள் ஹரிணியின் படிப்பும் இந்த ஓய்வூதியத்தில்தான். நேர்காணலுக்கு வரும்போதெல்லாம் ஹரிணியையும் கூட்டிக்கொண்டு வருவாள். நான் சொல்லும் அந்த வருடம் குழந்தை இரண்டாம் வகுப்பு.

சித்திரை வெயில். மின்விசிறி சுற்றியும் பயனில்லை. டோக்கன் முந்தியது பிந்தியது என்று பின்னால் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேவகி படிவத்தை நீட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? கோச்சுக்க மாட்டீங்களே?"

"சீக்கிரம் கேளும்மா."

"நான் இன்னொரு கண்ணாலம் கட்டிகினா இது இன்னா ஆவும்?"

"நின்னுடும்."

"முழுசாவா மேடம்?"

"முழுசாத்தான். கல்யாணத் தேதியிலேர்ந்து."

இன்னும் ஏதோ கேட்கப்போகிறவள்போல நின்றாள். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். "அப்ப வாணாம் மேடம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, குழந்தையை இழுத்துக்கொண்டு போனாள்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவளுக்கு நின்றுதான் போகும். ஆனால் விதி அதோடு முடியவில்லை. தாய் மறுமணம் செய்துகொண்டால் அந்த ஓய்வூதியம் குழந்தைக்குப் போகும். ஹரிணிக்கு இருபத்தைந்து வயது ஆகும் வரை, அல்லது அதற்குள் அவளுக்குக் கல்யாணமோ வேலையோ ஆகும் வரை வரும். குழந்தை மைனர் என்பதால் தேவகியே காப்பாளராகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டு, பதிவும் செய்துவிட்டு, எங்களிடம் ஒரு மனு கொடுத்திருந்தால் போதும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். எனக்குத் தெரியாமல் இல்லை, அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். அவள் தன்னைப் பற்றிக் கேட்டாள், குழந்தையைப் பற்றிக் கேட்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

மறு வருடம் வந்தாள், கையெழுத்துப் போட்டாள், போனாள். அந்த ஆடிக் கிருத்திகைக்கு நான் குன்றத்தூர் போயிருந்தேன். தரிசனம் முடிந்து படியிறங்கி வரும்போது, கீழே கடைகளுக்கு நடுவில் தேவகியைப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவர், ஒல்லியாக, கம்பெனி சட்டையோடு. ஹரிணி அவர் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "அப்பா, பஞ்சு மிட்டாய்ப்பா, ஒண்ணே ஒண்ணுப்பா" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். தேவகி கழுத்தில் மஞ்சள் கயிறு. என்னைப் பார்த்த நொடியில் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். ஜப்தி செய்ய வந்தவர்களைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

நான் திரும்பிக்கொண்டு ஒரு வளையல் கடையைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டதற்காகப் பஸ்ஸில் வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன், உனக்குப் பெரிய மனசுதான் என்று. இது இரண்டாவது தப்பு. முதல் தப்பையாவது எனக்கு வேலை கற்றுக்கொடுத்த கணக்கர் தலையில் கட்டலாம். இது முழுக்க என்னுடையது. அப்போது அவள் ஒரே ஒரு பொய்ச் சான்றுதான் கொடுத்திருந்தாள். கூப்பிட்டு உட்கார வைத்து, 'பயப்படாதே, உன் ஓய்வூதியம் குழந்தைக்கு வரும்' என்று சொல்லியிருந்தால் சரி செய்திருக்கலாம். நான் நாலு எட்டு நடக்கவில்லை.

அடுத்த நேர்காணலுக்குத் தேவகி வெறும் கழுத்தும் வெறும் நெற்றியுமாக வந்தாள். கயிறு கிடந்த இடத்தில் தோல் மஞ்சளாக இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவ அவளுக்குத் தோன்றவில்லை. ஹரிணி வாசலோடு நின்றுவிட்டாள், வாயே திறக்கவில்லை. அங்கே பேசக்கூடாது என்று வீட்டில் சொல்லிக் கூட்டிவந்திருக்க வேண்டும். சுற்றி ஆட்கள் இருந்ததால் நான் வழக்கம்போல் கேட்டேன்.

"மறுமணம் ஏதும் செஞ்சுக்கலையே?"

"இல்ல மேடம்."

அவள் கையெழுத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு அடுத்த வருடமும் இதே கேள்வி, இதே பதில். அதற்கும் அடுத்த வருடமும் அப்படித்தான். ஆக மொத்தம் நான்கு முறை.

அவர் பெயர் ரவி என்பதும், படப்பைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார் என்பதும் எனக்கு அவர் செத்த பிறகுதான் தெரியும். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரி அடித்து, அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளிடம், "நீங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார்கள். சம்சாரம் என்றாளாம். ரவியின் அண்ணன், "இவ யாருன்னே எங்களுக்குத் தெரியாது, எங்க தம்பிக்குக் கண்ணாலமே ஆவல" என்று சொல்லிவிட்டு, கையெழுத்துப் போட்டு உடலை வாங்கிக்கொண்டு செய்யாற்றுப் பக்கம் சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். இவளை வண்டியில் ஏற்றவில்லை. கம்பெனியில் போய் நின்றாள். கல்யாண சர்ட்டிபிகேட் கொண்டுவரச் சொன்னார்கள். தெருமுனை அம்மன் கோவிலில் கட்டிய தாலிக்குச் சர்ட்டிபிகேட் ஏது? ஃபோட்டோகூட எடுக்கவில்லை. எடுத்தால் யார் கண்ணிலாவது பட்டு, ஓய்வூதியம் போய்விடும் என்ற பயம்தான்.

ரவியின் கூட்டாளிகள் மட்டும் தெருவில் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். பெரிய படம், மாலை, கீழே 'ஆறாத் துயரில் வாடும் மனைவி தேவகி, மகள் ஹரிணி' என்று எழுத்து. இத்தனை வருடத்தில் அவளை ரவியின் மனைவி என்று ஊரறியச் சொன்னது அந்தப் பேனர் ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் ரவியின் அண்ணன் வந்து கிழித்துப் போட்டுவிட்டார். அதற்குள் யாரோ ஃபோட்டோ எடுத்துவிட்டார்கள்.

அந்த ஃபோட்டோவை ஒட்டி எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. தேவகி மறுமணம் செய்துகொண்டு அரசாங்கத்தை ஏமாற்றுகிறாள் என்று இரண்டு பக்கம். எங்கள் அலுவலர் என்னைவிட இருபது வயது சின்னவர், கெட்டவர் இல்லை. "சாதாரணமா மொட்டைப் பெட்டிஷன்னா குப்பையில போட்டுடலாம் மேடம். இதுல ஃபோட்டோ கீழ பேரே இருக்கு. கண்ணை மூடிக்க முடியாது. நீங்களே ஸ்டேட்மென்ட் வாங்கி முடிச்சுடுங்க" என்றார்.

ரவி செத்துப் பதினோராம் நாள் தேவகி வந்தாள். ஹரிணியை விட்டுவர ஆளில்லை என்று கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெண் ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அம்மாவின் தோள் உயரம். நான் கூப்பிட்டு அனுப்பியதைத் தேவகி வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தாள். உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"மேடம், நீங்க கவர்மென்ட்டு. குன்றத்தூர்ல எங்கள ஒண்ணா பாத்தீங்க இல்ல? அவரு பொண்டாட்டி நான்தான்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க மேடம். கம்பெனி பணம்லாம் அவரு அம்மாவே எடுத்துகினு போட்டும். பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னை உள்ள வுட்டா போதும்."

நான் மேஜை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தேன். ஃபோட்டோவைப் பார்த்தாள். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். பேனரைக் கிழிப்பதற்கு முன் அவள் அதைப் பார்த்திருக்கவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அதனால் அன்று என் புத்தி என்னவெல்லாம் கணக்குப் போட்டது என்று சொல்கிறேன். ஆமாம், கல்யாணம் நடந்தது என்று அவள் எழுதிக் கொடுத்தால் அந்த மாதமே ஓய்வூதியம் நிற்கும். நான்கு பொய்ச் சான்றுக்குப் போலீஸ் வரை போகலாம். வாங்கியதெல்லாம் குழந்தைக்குச் சேர வேண்டியதுதான், திரும்பப் பிடிக்காதீர்கள் என்று வாதாடலாம். ஆனால் குழந்தை பெயருக்கு மாற்ற வேண்டுமென்றால் கல்யாணத் தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள். அதைத்தான் ரவி வீட்டார் இல்லவே இல்லை என்கிறார்கள். ஓய்வூதியத்தை நிறுத்துவதற்கு அவள் வார்த்தை ஒன்றே போதும். மனைவி என்று ஏற்றுக்கொள்ள அவள் வார்த்தை போதாது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு இரண்டும் இல்லை. பொய் சொன்னால் வாடகையும் ஹரிணியின் படிப்பும் மிஞ்சும், ரவி போய்விடுவார்.

இதையெல்லாம் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது, மறுமணம் செய்தாலும் குழந்தைக்கு ஓய்வூதியம் வரும் என்ற விதியையும் சொல்ல வேண்டியதாயிற்று. தேவகி நிமிர்ந்தாள்.

"இன்னா மேடம் சொல்றீங்க? பாப்பாவுக்கு வந்திருக்குமா?"

"வந்திருக்கும்."

"ஊரறியக் கட்டிகினு இருந்திருந்தாலும்?"

"ஆமா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

"நீ அதைக் கேக்கலையேம்மா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது அது. இன்றும் அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

தேவகி கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாதவள்போலக் கேட்டாள். "இன்னா கேக்கணும்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் மேடம் உங்களாண்ட வந்து கேக்கறேன்?"

அந்தக் கேள்விக்குப் பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரை, சின்ன வயதில் கணவனை இழந்து வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்காமலேயே முழு விதியையும் சொன்னேன். ஒருத்தி, "எனக்கு இன்னா கண்ணால ஆசைன்னு நெனைச்சுகினியா?" என்று கவுன்ட்டரிலேயே சண்டைக்கு வந்தாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்களும் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சொல்லுங்கள். கேட்பவர்களுக்குப் பாதிதான் கேட்கத் தெரியும், மீதிக்குத்தான் நம்மைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லிவிட்டால் மனம் ஆறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எத்தனை பேருக்குச் சொன்னாலும் தேவகிக்குச் சொல்லாதது சொல்லாததுதான்.

இவ்வளவு சுற்றி வந்ததே, அன்றைக்கு மீதி நடந்ததை எழுதாமல் தப்பிக்கலாமா என்றுதான். எழுதிவிடுகிறேன்.

தேவகி திரும்பி ஹரிணியைப் பார்த்தாள். பிறகு, "பாப்பா இஸ்கூலு நிக்கக்கூடாது மேடம். நீங்களே எழுதுங்க, நான் போடறேன்" என்றாள். நான் எழுதினேன். பொய் என்று தெரிந்து, வார்த்தை வார்த்தையாக, ஓட்டை இல்லாமல் எழுதினேன். அலுவலர் பிறகு அதைப் படித்துவிட்டு, நல்லா டிராஃப்ட் பண்ணியிருக்கீங்க மேடம் என்று பாராட்டினார், கோப்பும் முடிந்தது. இதைப் படித்துவிட்டு யாராவது எனக்கு மெமோ அனுப்புவதென்றால் அனுப்பட்டும்.

எழுதியதைப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நான் படிக்காமல் தாளை அவளிடமே நீட்டினேன். தேவகி தாளை வாங்கினாள். அழுது வீங்கிய கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை. "நீ படி பாப்பா" என்று மகளிடம் நீட்டினாள். நான் தடுத்திருக்க வேண்டும்.

ஹரிணி வகுப்பில் எழுந்து நின்று படிப்பதுபோல் தெளிவாகப் படித்தாள். "ரவி என்பவர் எங்கள் தெருவில் குடியிருந்தவர். எனக்கும் அவருக்கும் எந்த உறவும் கிடையாது. பேனரில் என் பெயரும் என் மகள் ஹரிணியின் பெயரும் எங்களுக்குத் தெரியாமல் தவறாகப் போடப்பட்டவை." தன் பெயர் வந்ததும் நின்றாள். திரும்பவும் அந்த வரியை முதலிலிருந்து படித்து முடித்தாள். தாளை மடங்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"எல்லாம் சரியா கீதுல்ல பாப்பா?" என்று தேவகி கேட்டாள்.

குழந்தை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சரியா இருக்கும்மா. அங்கிள் பேருக்கு மட்டும் இனிஷியல் போடல."

என்ன இனிஷியல் என்று கேட்டேன். சொன்னாள். நான் அதை எழுதிச் சேர்த்தேன், தேவகி கையெழுத்துப் போட்டாள்.